கெலா மீனும் கரையோரக் காடும்

ஒரு மீனின் வாழிடம் நீர் மட்டுமே என்று நாம் எண்ணுவது இயல்பு. மலேசிய ஆறுகளில் அருகிவரும் கெலா மீன் அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. கரையில் நிற்கும் மரமும் அதன் வாழிடத்தின் ஒரு கூறே என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இனமும் உடலமைப்பும்

கெலா, கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1854ஆம் ஆண்டில் டச்சு மீனியல் அறிஞர் பீட்டர் பிளீக்கர் இதனை அறிவியல் முறையில் விவரித்தார். ‘தோர்’ என்னும் இதன் பேரினத்தில் காவிரி ஆற்றுத் தொகுதிக்கே உரிய திமில் மகசீரும் அடங்கும். அவ்வினம் 2018இல் மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கெலாவின் உறவு தமிழர் அறிந்த ஆறுவரை நீள்கிறது.

பெரிய செதில்களும், வாயருகே இரண்டு இணை மீசைகளும் கெலாவின் அடையாளங்கள். கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குத் தாடையில் பற்கள் இல்லை, தொண்டையில் உண்டு. கடினமான காய்களையும் நத்தைகளையும் நொறுக்க அத்தொண்டைப் பற்கள் உதவுகின்றன.

காடு ஊட்டும் மீன்

பூச்சிகள், நண்டுகள், பாசி ஆகியவற்றோடு, கரையோர மரங்கள் உதிர்க்கும் பழங்களையும் கெலா உண்கிறது. வெள்ளக் காலத்தில் நீர் காட்டுக்குள் ஏறும்போது மீனும் உடன் செல்கிறது. சில நச்சுக் காய்களை உண்ணும் பருவத்தில் அதன் இறைச்சி மனிதர் உண்ணத் தகாததாகிவிடும். சரவாக்கில் எம்புராவ் எனப்படும் இம்மீனின் புகழ்பெற்ற சுவைக்கு, அது உண்ணும் எங்கபாங் காய்களே காரணம் என்பர். காட்டை உண்டு வளரும் மீன் என்று இதனைக் கூறுவது மிகையன்று.

மரம் உணவு மட்டும் தருவதில்லை, நிழலும் தருகிறது. குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரையும். 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் உயிர்வளி கரையக்கூடும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. விரைந்தோடும் தெளிந்த நீருக்குப் பழகிய மீனுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

வேர்கள் கரை மண்ணையும் பிடித்து நிறுத்துகின்றன. மரங்கள் வெட்டப்பட்டால் மழைநீர் மண்ணை ஆற்றில் சேர்க்கும். ஆற்றடிக் கூழாங்கற்களின் இடுக்குகளை வண்டல் அடைக்கும். அவற்றின் நடுவே கிடக்கும் முட்டைகளுக்கு உயிர்வளி எட்டாது. மலாய் மொழியில் ‘லூபோக்’ என்றும், தமிழில் மடு என்றும் வழங்கும் ஆழ்நீர்ப் பகுதிகள் வறட்சியில் பெரிய மீன்களுக்குப் புகலிடமாகின்றன. அவையும் நாளடைவில் தூர்ந்துபோகும். அணைகளோ, மீன்கள் இனப்பெருக்கத்திற்காக மேல்நோக்கிச் செல்லும் வழியை மறிக்கின்றன.

காக்கும் வழிகள்

கெலாவின் விலை கிலோவுக்குப் பல நூறு ரிங்கிட் என்பதால் மிகைப்பிடிப்பும் தொடர்கிறது. சரவாக்கில் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்யும் ஆய்வுகள் வெற்றி கண்டுள்ளன. எனினும், மெல்ல வளரும் இம்மீனைக் கலங்கிய ஆற்றில் விடுவதால் பயனில்லை.

பகாங்கின் தாமான் நெகாராவில், தகான் ஆற்றிலுள்ள லூபோக் தெனோரில் கெலாவுக்குக் காப்பிடம் உண்டு. அங்கு மீன்பிடிக்கத் தடை உள்ளது. சபாவில் ‘தாகால்’ என்னும் மரபின்படி ஊர்மக்களே ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பதை நிறுத்திவைக்கின்றனர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அம்மரபுக்கு ஏற்பளித்தது. ரானாவ் வட்டாரத்து மொரோலி ஆற்றில் கெலாவின் பேரினத்தைச் சேர்ந்த பெலியான் மீன்கள் இன்று கூட்டங்கூட்டமாக நீந்துவது அதன் பயன்.

எனவே, ஓர் ஆற்றைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் ‘இங்கு என்ன மீன் உண்டு?’ என்பதோடு நில்லாது, ‘இதன் கரையில் என்ன மரம் உண்டு?’ என்றும் வினவுதல் வேண்டும். முதல் வினாவுக்கான விடை இரண்டாம் வினாவின் விடையைப் பெரிதும் சார்ந்துள்ளது.