மடத்துத் துறவியும் ஊர்சுற்றும் துறவியும்

ஆங்கிலத்தில் கத்தோலிக்கத் துறவியரைக் குறிக்கும் மாங்க், ஃபிரையர் என்னும் இரு பெயர்களையும் இன்று பலர் வேறுபாடின்றி ஆள்கின்றனர். ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் அவை முற்றிலும் வேறான இரு வாழ்க்கை முறைகளைச் சுட்டி நின்றன.

மாங்க் என்பது 'தனித்த' என்னும் பொருள் தரும் கிரேக்க வேரிலிருந்து பிறந்து, முதலில் எகிப்தியப் பாலைவனத்துத் தவசிகளையும், பின்னர் மடங்களில் கூடி வாழ்ந்தோரையும் குறிக்கலாயிற்று. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்குவிதி, சேர்ந்த மடத்திலேயே இறுதிவரை நிலைத்திருக்கும் உறுதிமொழியைத் துறவியிடம் கேட்டது. அவருக்கென்று உடைமை ஏதுமில்லை. எனினும் மடத்துக்கு வயல்களும் குத்தகை வருவாயும் இருந்தமையால், உலகை விலகிய வழிபாட்டு வாழ்வு அவருக்கு இயன்றது.

ஃபிரையர் என்பதோ 'சகோதரன்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து திரிந்த வடிவம். நகரங்கள் பெருகிய 13ஆம் நூற்றாண்டில், அங்குத் திரண்ட மக்களைத் தொலைவிலிருந்த மடங்களால் எட்ட இயலாதபோது, அசிசியின் பிரான்சிசும் ஸ்பெயின் நாட்டு தொமினிக்கும் தொடங்கிய சபைகளின் உறுப்பினரும் அவை போன்ற பிற சபையினரும் இப்பெயர் பெற்றனர். இவர்கள் ஒரு மடத்துக்கு அன்றிச் சபை முழுமைக்கும் உரியவர்கள். ஏவிய ஊருக்குச் சென்று, தெருவிலும் சந்தையிலும் போதித்து, ஐயமேற்று உண்டனர். தனக்கு மட்டுமன்றிச் சபைக்கும் சொத்து வேண்டா என்று பிரான்சிஸ் வற்புறுத்தியதே இவ்வியக்கத்தின் உயிர்நாடி. அக்கொள்கை பின்வந்தோர்க்குள் நெடும் பூசலை விளைத்ததும் அதன் கடுமையைக் காட்டும். பல்கலைக்கழகங்களிலும் இவர்கள் விரைவில் இடம்பெற்றனர். தாமஸ் அக்குவினாஸ் தொமினிக்கன் சபையினர், ரோஜர் பேக்கன் பிரான்சிஸ்கன் சபையினர். இலண்டனின் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதி, கறுப்பு மேலங்கி அணிந்த தொமினிக்கன் சபையினரால் பெற்ற பெயரை, எட்டாம் ஹென்றி அவர்தம் இல்லத்தை 1538இல் கலைத்த பின்னும் இழக்கவில்லை.

இவ்வேறுபாட்டை மறந்ததால் நேர்ந்த பிழைகளுள் பெரிது, சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரை மாங்க் என்று அழைப்பது. அவர் 1505இல் எர்ஃபர்ட் நகரில் சேர்ந்த அகுஸ்தீன் சபை ஐயமேற்கும் சபைகளுள் ஒன்று; விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்ததும், நகரக் கோவிலில் போதித்ததும், சபைப் பணிக்காக உரோமை சென்றதும் மடத்தில் நிலைத்திருக்கும் துறவிக்கு உரியன அல்ல. ஜெர்மன் மொழியின் பொதுப்பெயர் இருசாராரையும் தழுவுவதால் அங்கு இடரில்லை. ஆங்கிலத்தில் எழுதுவோர் அவரை ஃபிரையர் என்பதே முறை.