வெள்ளி என்பது எது?

"வெள்ளியின் நிறை என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வேதியியல் வகுப்பில் அணுநிறை 107.87 என்பீர்கள், வானியல் பாடத்தில் பூமியின் நிறையில் சுமார் 0.82 பங்கு என்பீர்கள். இடமறிந்து பொருள் கொள்கிறீர்கள். தகவல்களைச் சேர்த்து வைக்கும் கணிப்பொறிக்கோ 'வெள்ளி' வெறும் எழுத்துக் கோவையே.

இக்குறையை நீக்க உதவுவது 1999-இல் வெளியான ஆர்.டி.எஃப். என்னும் முறை. இதில் ஒவ்வொரு செய்தியும் பொருள், பண்பு, மதிப்பு என்ற மூன்று உறுப்புகள் உடையது. முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாளம் தர வேண்டும். 2012-இல் தொடங்கிய விக்கித்தரவில் வெள்ளிக் கோளின் அடையாளம் க்யூ313. வெள்ளி உலோகத்தினது க்யூ1090.

ஆனால் எண் வேறுபடுத்திக் காட்டுமே தவிர, பொருள் இன்னதென்று கூறாது. ஆகவே "க்யூ313 – வகை – கோள்" என்று வெளிப்படையாக எழுத வேண்டும். "கோள்கள் யாவும் வான்பொருள்கள்" என்ற விதியையும் சேர்த்தால், வெள்ளி ஒரு வான்பொருள் என்பதைக் கணிப்பொறி தானே உய்த்துணரும்.

வகையை எழுதாமல், 'சூரியனைச் சுற்றுவதெல்லாம் கோள்' என்று ஊகிக்க விட்டால் என்ன ஆகும்? வால்மீன்களும் கோள்களாகிவிடும்! 2006-இல் புளூட்டோ குறுங்கோள் என்று அறிவிக்கப்பட்டது. அதன் நிறையோ பாதையோ மாறவில்லை. வகை மட்டுமே மாறியது. வகை தனி வரியாக இருந்தால், அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும் அல்லவா?

'திங்கள்' என்ற சொல்லுக்கு எத்தனை வகைகள் எழுதலாம்? நீங்களே முயன்று பாருங்கள்.