பழைய மொறிஸ் மைனர் வாங்குமுன்

மொறிஸ் மைனர் வண்டியொன்று யாழ்ப்பாணத்து ஒழுங்கையிலே வருவதைக் கண்ணாற் காண்பதற்கு முன்னரே காதால் அறிந்துகொள்வோர் இன்றும் உளர். சாரதி வேகத்தைக் குறைக்கும்போது அதன் புகைக்குழாயிலிருந்து எழும் கரகரத்த ஒலி வேறெந்த வண்டிக்கும் வாய்க்கவில்லை. மணமக்களை ஏற்றிச் செல்வதற்காகப் பூமாலை சூடி நிற்கும் வண்டியும், சந்தையிலிருந்து வாழைக்குலை சுமந்து வரும் வண்டியும் இந்த ஓர் இனத்தையே சேர்ந்தவையாக இருத்தல் கூடும். புதிய வண்டிகளின் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டமையால், நல்ல நிலையிலுள்ள பழைய மைனர் ஒன்று கிடைக்காதா என்று தேடுவோர் இன்னும் இருக்கின்றனர். தேடுவது தவறன்று. ஆயினும், இத்தகைய வண்டியை மதிப்பிடும்போது பெரும்பாலானோர் முதலிற் பார்ப்பது எஞ்சினை. பார்க்கத் தவறுவது அதன் வயிற்றுப்புறத்தை. உண்மையில் வரிசை மாறியிருத்தல் வேண்டும்.

இதன் காரணத்தை அறிய வண்டியின் பிறப்பைச் சிறிது நோக்கல் வேண்டும். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டிலே லண்டன் நகரின் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. பின்னாளில் மினி என்னும் சிறு வண்டியை உருவாக்கியவரும் இவரே. 1960ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்து இலட்சமாவது மைனர் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. இலங்கையிலோ, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களின் தொடக்கத்திலேயே கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. வந்து சேர்ந்தவற்றை வைத்தே காலத்தைக் கடத்தவேண்டிய நிலை உண்டாயிற்று. பழுதுபட்டதை எறிந்துவிடாது திரும்பத் திரும்பச் செப்பஞ்செய்து ஓட்டும் கைத்திறன் இந்நாட்டுக் கராஜ்களிலே வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய காலத்து வண்டிகள் பலவற்றில் கனத்த இரும்புச் சட்டம் ஒன்று தனியாக இருக்கும். உடற்பகுதி அதன் மேல் வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். மைனர் அப்படிப்பட்டதன்று. தரைத்தகடு, கதவடியில் நீளவாட்டில் ஓடும் பெட்டித்தகடு, முன்னிருக்கைகளின் கீழே செல்லும் குறுக்குச் சட்டம் ஆகியவை யாவும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, உடலே வண்டியின் எலும்புக்கூடாக அமைந்திருக்கின்றது. எனவே இங்கு துரு என்பது அழகைக் கெடுக்கும் குறையன்று; எலும்பைத் தின்னும் நோய். எஞ்சின் கெட்டால் கழற்றி இறக்கிச் சீர்செய்யலாம், வேறொன்றை ஏற்றவும் செய்யலாம். எலும்புக்கூடு உக்கிய வண்டியைச் செப்பஞ்செய்யும் செலவு, பல வேளைகளில் வண்டியின் விலையையே விழுங்கிவிடும். கடற்காற்றில் உப்புக் கலந்திருக்கும் கரையோர ஊர்களில் ஓடிய வண்டிகளுக்கு இது இருமடங்கு பொருந்தும்.

ஆதலால் வண்டியைப் பார்க்கப் போகிறவர் பகல் வெளிச்சத்தில், மழை பெய்யாத வேளையிற் போகவேண்டும். ஈரம் படிந்த பூச்சு எல்லா மேடு பள்ளங்களையும் மறைத்துவிடும். புதிதாகப் பூச்சு அடித்த வண்டியென்றால் ஐயம் குறையக் கூடாது, கூடவேண்டும். சிறிய காந்தமொன்றை மெல்லிய துணியிற் சுற்றி எடுத்துச் சென்று, கதவின் அடிப்புறம், மட்காட்டின் விளிம்பு, முன்விளக்கைச் சுற்றியுள்ள பகுதி ஆகியவற்றிலே வைத்துப் பார்த்தல் நல்லது. காந்தம் ஒட்டாது நழுவுமிடத்தில் இரும்பு இல்லை, பட்டி எனப்படும் பசையே இருக்கின்றது என்று அறியலாம். மட்காட்டிலே பட்டி இருந்தாற் பெரிய கேடில்லை. மட்காட்டுகள் நட்டுப் பூட்டப்பட்டவை, கழற்றி மாற்றலாம். பெட்டித்தகட்டிலே பட்டி இருந்தால் அது மோசடிக்கு ஒப்பானது.

பின்னர் தரைவிரிப்பை நீக்கிப் பார்க்கவேண்டும். விற்பவர் இதை விரும்பமாட்டார். விரும்பாவிட்டாலும் நீக்கச் சொல்லவேண்டும். குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளும், பின்புறத்து வில்லுகள் உடலோடு தொங்கும் இடங்களும் முதன்மையாக நோக்கத்தக்கவை. முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குத் தண்டுகள் அந்தக் குறுக்குச் சட்டத்திலேதான் பிடிப்பைப் பெறுகின்றன. திருகாணி முடுக்கியின் பிடியினால் அங்கங்கே தட்டினால் உறுதியான தகடு கணீரென்று ஒலிக்கும். உக்கிய தகடு மந்தமாக ஒலிக்கும். பழைய துருவின் மேலே புதிய தகட்டுத் துண்டை வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் கரிய தார்ப்பூச்சைத் தடித்துப் பூசியிருப்பதும் உண்டு. அடிப்பாகம் முழுவதும் கன்னங்கரேலென்று பளபளத்தால் அதன் காரணத்தைக் கேட்டல் வேண்டும்.

கருவியெதுவும் வேண்டாத ஒரு சோதனையும் உண்டு. கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, வண்டியின் ஒரு பக்கத்தை அதற்குரிய இடத்திலே ஜக்கு வைத்து உயர்த்தி, மறுபடியும் அதே கதவைத் திறக்கவேண்டும். முன்னர் இலகுவாகத் திறந்த கதவு இப்போது இறுகினால், அல்லது மூட மறுத்தால், உடல் வளைகின்றது என்பது பொருள். ஜக்கு வைத்த இடமே மேல்நோக்கி நசிந்து போனாலோ, மேற்கொண்டு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. மரச்சட்டங்களுடன் கூடிய ட்ரவலர் வகை வண்டியென்றால், அந்த மரமும் அழகுக்காக வைத்ததன்று, பின்னுடலைத் தாங்குவது; அது உளுத்திருந்தால் துருவைப் போலவே கணக்கிற் கொள்ளவேண்டும்.

வண்டி உயர்த்தப்பட்டிருக்கும் அந்த வேளையிலேயே முன்சில்லையும் பார்த்துவிடலாம். உயிருக்கு நேரே தீங்கு விளைக்கக்கூடிய குறை இங்கேதான் ஒளிந்திருக்கின்றது. முன்சில்லுத் திரும்பும்போது அதைத் தாங்குவது, மரையிட்ட ஒரு தண்டும் அது சுழலும் ட்றனியன் என்ற உலோகக் கட்டையுமாகும். மரைக்குள்ளே கிறீஸ் இருக்கும்வரை அது நெடுங்காலம் உழைக்கும். கிறீஸ் அடிப்பதை மறந்த வண்டியில் மரை தேய்ந்து, ஒருநாள் கட்டையிலிருந்து தண்டு கழன்றுவிடும். சில்லு மடிந்து வண்டி முன்பக்கமாகத் தரையிற் குந்தும். ஒழுங்கையிலே மெதுவாகத் திருப்பும்போது நிகழ்ந்தால் வெட்கத்தோடு போகும். ஏ9 வீதியிலே விரையும்போது நிகழ்ந்தால் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சில்லின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் இரு கைகளாற் பற்றி உள்ளும் புறமும் அசைக்கும்போது கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் தேய்மானம் உண்டு. கிறீஸ் முலைகள் காய்ந்து மண் படிந்திருக்கின்றனவா, அன்றிப் புதுக் கிறீஸ் பிதுங்கி நிற்கின்றதா என்பதும் முந்திய உரிமையாளரின் குணத்தைச் சொல்லும். அவர் வாயாற் சொல்வதைவிட அதனை நம்பலாம்.

பிறேக்கையும் இத்தோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். மைனரின் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றோட்டமே உண்டு. ஓரிடத்தில் ஒழுகினால் மிதிபிறேக் முழுவதும் போய்விடும், கைப்பிறேக் ஒன்றே எஞ்சும். மிதியை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் அழுத்தி வைத்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிவு இருக்கின்றது. தலைமைச் சிலிண்டர் சாரதியின் காலடியிலே, தரையின் கீழ் ஒளிந்திருப்பதால் அதைத் திறந்து பார்ப்போர் சிலரே.

இனி எஞ்சின். கண்ணாடியும் குறிவிளக்கும் வண்டியின் வயதை ஓரளவு காட்டிக்கொடுக்கும். முன்கண்ணாடி இரண்டு துண்டாகப் பிரிந்திருந்தால் 1956ஆம் ஆண்டில் வந்த மாற்றத்துக்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடியென்றால் பிந்தியது. தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றராக இருந்த எஞ்சின், பின்னர் 803, 948 என மாறி, 1962இல் 1098 ஆயிற்று. பழைய வகைகளிற் பலவற்றுக்குப் பிந்திய எஞ்சின்களையும், சிலவற்றுக்கு யப்பானிய எஞ்சின்களையும் ஏற்றியிருப்பதால், எண்ணைப் பாராமல் எதையும் உறுதிகூற முடியாது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதைத் தொடக்கிப் பார்க்கவேண்டும். வாங்குபவர் வருமுன்னரே ஓட்டிச் சூடாக்கி வைப்பது விற்பனைத் தந்திரங்களுள் மிகப் பழையது. மூடியைத் திறந்து கையை அருகிற் கொண்டுசென்றால் தெரிந்துவிடும். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பு சில தடவை டிக், டிக் என்று ஒலித்து ஓய்தல் முறை. ஓயாது ஒலித்தால் தாங்கி வெறுமையாயிருக்கலாம், அல்லது காற்றோ பெற்றோலோ எங்கோ கசியலாம். எஞ்சின் தொடங்கியபின் எண்ணெய் விளக்கு அணையவேண்டும்; நன்றாகச் சூடேறிச் சும்மா நின்று ஓடும்போதும் அது மினுக்கக் கூடாது. இறக்கத்திலே காலை எடுத்துவிட்டு மீண்டும் அழுத்தும்போது நீலப்புகை கிளம்பினால் எண்ணெய் எரிகின்றது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பாலாடை போன்ற படிவு நிறைந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். முன்புறத்துச் சங்கிலி சிறிது சலசலப்பதும், எஞ்சினின் பின்புறத்தில் ஓரிரு துளி எண்ணெய் சொட்டுவதும் இவ்வினத்துக்குப் பிறவிக்குணம். அவற்றுக்காக நல்ல வண்டியொன்றைக் கைவிடுதல் வேண்டாம்.

வடபுலத்து வண்டிகளின் வரலாற்றிலே இன்னொரு அதிகாரமும் உண்டு. 1990ஆம் ஆண்டு தொடங்கிப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், குடாநாட்டின் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் வண்டிகளும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவையும் அவ்வாறு ஓடியவற்றுள் அடங்கும். நவீன எஞ்சின் எதுவும் தாங்கியிராத அந்தத் துன்பத்தை இவை தாங்கின என்பது பெருமையே. ஆனால் முற்றாக எரியாத மண்ணெண்ணெய், சிலிண்டர்ச் சுவரிலே உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். தாங்கிகள் விரைவில் தேயும். ஆகவே அக்காலத்தில் வடக்கிலே ஓடிய வண்டியென்றால், அதன்பின் எஞ்சின் பிரித்துச் செய்யப்பட்டதா, யார் செய்தார் என்று விசாரித்தறிதல் அவசியம்.

ஓட்டிப் பார்க்கும்போது முதற்கியரிலே ஊளையிடும் ஒலி கேட்கும், அது இயல்பு. ஓடிக்கொண்டிருக்கும்போது முதற்கியரைப் போட இயலாமையும் இயல்பே. இரண்டாங் கியர் கரகரத்தால் தேய்மானம்; காலை எடுத்ததும் கியர் தானாகவே வெளியே பாய்ந்தால் பெட்டியைக் கழற்றவேண்டியிருக்கும்.

இத்தனையும் தேறினாலும் கடதாசிகள் தேறாவிட்டால் பணம் கொடுத்தல் ஆகாது. பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியிலுள்ளவற்றோடு எழுத்துக்கெழுத்துப் பொருந்தவேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அம்மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே பதியப்பட்டிருக்கவேண்டும். இதைவிடச் சிக்கலானது உரிமை. பழைய வண்டிகள் பல, கையொப்பமிட்ட படிவங்களோடு மட்டும் மூன்று நான்கு கை மாறி வந்திருக்கும். பதிவிலே பெயருள்ளவர் காலமாகியிருப்பார், அல்லது கனடாவிலோ லண்டனிலோ குடியேறியிருப்பார். விற்க வந்தவர் அவருடைய மருமகனின் நண்பராக இருப்பார். இடப்பெயர்வின்போது பதிவுப் புத்தகமே தொலைந்துபோன வண்டிகளும் உண்டு. இத்தகைய வண்டியை வாங்குபவர், சட்டப்படி இன்னொருவருக்கு உரிய பொருளுக்கே தமது சேமிப்பைக் கொடுக்கின்றார். வாரிசுகளின் ஒப்புதலும் உரிமைமாற்றமும் முடியுமட்டும் முற்பணத்துக்கு மேலே எதுவும் கொடுக்காதிருத்தலே தக்கது.

விலை பேசும் வேளையிலே, கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கராஜ் ஒன்றிற் செலவைக் கேட்டறிந்து, அத்தொகையைக் கழித்துப் பேசலாம். உதிரிப்பாகங்களுக்கு அஞ்சவேண்டியதில்லை. இங்கிலாந்திலே இவ்வண்டியைப் பேணுவோர் மிகப் பலராதலால் பெரும்பாலான பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. பாத் நகரிலே மைனர் வண்டிகளைச் செப்பஞ்செய்து புகழ்பெற்ற சார்ள்ஸ் வேர் என்பவரின் முயற்சியால், 1990களின் தொடக்கத்தில் இலங்கையிலேயே அவ்வண்டிக்கான தகடுகளைச் செய்யும் தொழிலகம் ஒன்று ஏற்பட்டு, இங்கிருந்து இங்கிலாந்துக்கு அவை அனுப்பப்பட்டன. இங்கிலாந்து செய்து அனுப்பிய வண்டிக்கு இலங்கை எலும்பு செய்து அனுப்பியது.

வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கிறீஸ் துப்பாக்கியை எடுத்து முன்சில்லுகளின் முலைகள் யாவற்றுக்கும், பழைய அழுக்கு வெளியேறிப் புதுக் கிறீஸ் தோன்றும்வரை அடித்தல் வேண்டும். எஞ்சின் எண்ணெயையும் பிறேக் எண்ணெயையும் மாற்றலாம். ஊர்வலம் அதற்குப் பிறகு.