வடநெம்மேலி முட்டையும் பெரியப்பாவின் மாத்திரையும்

சித்தி போன் செய்தால் ஒன்று ஊறுகாய் போட்டிருப்பார், இல்லையென்றால் யாருக்காவது வரன் வந்திருக்கும். போன மாதம் வந்தது வரன். திருக்கழுக்குன்றத்துப் பையன், மறைமலை நகரில் வேலை, பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம். ஒரே ஓர் உறுத்தல்தான்.

"பையனோட பெரியப்பாவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லையாம்டா. இருபது வயசுல தானா பேச ஆரம்பிச்சவராம். இன்னிக்கும் மாத்திரையிலதான் ஓடுதாம். ரத்தத்துல இருந்தா நாளைக்கு நம்ம பொண்ணு வயித்துல பொறக்கறதுக்கும் வராதா? நீதான் இதையெல்லாம் எழுதறியே, சொல்லு."

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றேன். சித்தி வீடு செங்கல்பட்டில், ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் நேர்வழி. நான் வேண்டுமென்றே கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சுற்றிக்கொண்டு போனேன். அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பாதிப் பதில் மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இருக்கிறது.

ராமுலஸ் விட்டேகர் 1976-இல் தொடங்கிய பண்ணை அது. வாயைப் பிளந்தபடி கல்லாகக் கிடக்கும் முதலையைக் காட்டி "பொம்மையாப்பா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. மக்கர் எனப்படும் நன்னீர் முதலை மணலில் குழி பறித்து இருபது முப்பது முட்டை இட்டு மூடிவிடும். குஞ்சு வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம். நமக்கு இருப்பதுபோல ஆண் பெண்ணைத் தீர்மானிக்கிற எக்ஸ், ஒய் குரோமோசோம் முதலைக்குக் கிடையாது. அப்படியானால் யார் முடிவு செய்வது? மணலின் சூடு.

ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேகர் மூவரும் மக்கர் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்துப் பார்த்து 1989-இல் முடிவை வெளியிட்டார்கள். 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை வைத்த முட்டைகள் அத்தனையும் பெண். 32.5 டிகிரியில் அத்தனையும் ஆண். நடுவிலும் 33 டிகிரியிலும் இரண்டும் கலந்து வந்தன. ஒன்றரை டிகிரி என்பது நமக்கு ஃபேனை ஒரு புள்ளி கூட்டுகிற அளவு. முட்டைக்குள் இருப்பதற்கு அதுவே ஆணா பெண்ணா என்பது.

இதில் என்னை நிறுத்தி வைப்பது வேறொன்று. இந்தச் சூடு எல்லா நாளும் எடுபடாது. அடைகாலத்தை மூன்றாகப் பிரித்தால், முக்கியமாக நடுப்பகுதியில் மட்டும்தான் எடுபடும். அதற்குப் பிறகு வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் பெண் பெண்தான். சூடு எப்படி உள்ளே போய் வேலை செய்கிறது என்பதற்கு, முதலைக்கு உறவான ஓர் ஆமை இனத்தில் 2018-இல் துப்புக் கிடைத்தது: வெப்பநிலையைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் இயங்கும் ஒரு மரபணு, ஆணாக்கும் இன்னொரு மரபணுவின் பூட்டைத் திறந்துவிடுகிறது. மரபணு வேறு, சூழல் வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். முட்டைக்குள் சூழல் வேலை செய்வதே மரபணுவின் கையைக் கொண்டுதான்.

மனிதப் பிள்ளை முதலைக் குஞ்சு இல்லை. ஒற்றைச் சாவியில் திறக்கிற பூட்டு நம் மூளையில் கிடையாது. ஆனால் "எப்போது" என்ற கேள்வி நமக்கும் உண்டு. ருமேனியாவில் 2000-களின் தொடக்கத்தில் அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பின்தொடர்ந்தார்கள். சோறும் கூரையும் இல்லங்களிலும் இருந்தன. அழுதால் தூக்குகிற ஒரே ஆள், அதே முகம், அதுதான் இல்லை. வீட்டுக்குப் போன பிள்ளைகள் மொத்தத்தில் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் பிறரோடு ஒட்டிக்கொள்வதில் நன்றாகவே முந்தினார்கள்.

இன்னொரு ஜன்னல் விடலைப் பருவத்தில் திறக்கிறது. அந்த வயதில் மூளை, தேவையில்லாத நரம்பு இணைப்புகளைக் கழித்துக் கட்டுகிறது; தோட்டக்காரர் கவாத்து செய்வதுபோல. இந்தக் கழிப்பில் பங்குள்ள சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் மனச்சிதைவு நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று 2016-இல் கண்டார்கள். சித்தி சொன்னதை வைத்துப் பார்த்தால் பெரியப்பாவுக்கும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு இருபது வயதில் தொடங்கியது தற்செயல் இல்லை. இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டுகிற வயதே அதுதான்.

சரி, ரத்தத்தில் ஓடுகிறதா? ஓடுகிறது. ஆனால் சித்தி நினைக்கிற மாதிரி ஓடவில்லை. 2022-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, சுமார் 77 ஆயிரம் நோயாளிகளின் மரபணுத் தொகுதியை நோயற்றவர்களோடு ஒப்பிட்டு, மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 இடங்களைக் குறித்தது. ஒவ்வொன்றும் சல்லிக்காசு அளவுக்குத்தான் வாய்ப்பைக் கூட்டுகிறது. அந்தச் சில்லறை உங்கள் பையிலும் இருக்கிறது, என் பையிலும் இருக்கிறது. யாரிடம் எவ்வளவு என்பதுதான் வித்தியாசம். அச்சில் வார்த்தது போன்ற ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்குப் பாதிதான். சில ஆய்வுகளில் அதைவிடவும் குறைவு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர நூற்றுக்குப் பத்து. பெரியப்பாவுக்கு இருந்தால் மூன்று, நான்கு. எந்த உறவிலும் இல்லாதவர்களுக்கே நூற்றுக்கு ஒன்று என்கிறபோது, இந்தப் பையனுக்கு வராமலிருக்க 96 பங்கு இருக்கிறது. அவன் அந்த இருபதைத் தாண்டி முப்பதை நெருங்குகிறான் என்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். அவன் பிள்ளைக்கு? இன்னொரு படி கீழே.

ரத்தத்தைக் குறை சொல்ல முடியாதபோது நம் ஆட்கள் அடுத்து திரும்புகிற திசை அம்மா. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. இதில் மேற்கத்திய மருத்துவம் நம்மைவிட ஒரு படி மேலே போயிருந்தது. பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்குகிற தாய் என்றே ஒரு வகையை 1948-இல் பெயரிட்டு வைத்தார்கள். நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த தாயையே குற்றவாளியாகப் பார்த்த காலம் அது. அந்தக் கருத்து பிறகு செத்துப்போனது. சாவதற்குள் எத்தனை தாய்களை வதைத்ததோ. ஆனால் வளர்ப்புக்குப் பங்கே இல்லை என்று மறுகோடிக்கு ஓடுவதும் தப்பு. ஃபின்லாந்தில் பெக்கா டியனாரி, மனச்சிதைவுள்ள தாய்மார்களுக்குப் பிறந்து வேறு வீடுகளில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்தவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்தார். சண்டையும் குழப்பமும் மிகுந்த வீட்டில் வளர்ந்தவர்களிடம் நோய் அதிகம். அமைதியான வீட்டில் வளர்ந்தவர்களிடம் வெகு குறைவு. மரபில் ஆபத்து இல்லாத தத்துப் பிள்ளைகளுக்கோ வீடு எப்படி இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. சிலருக்கு மட்டும் மணலின் சூடு உறைக்கிறது.

இந்தத் துறையில் கதை அழகாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது என் அனுபவம். செரோட்டோனின் தொடர்பான ஒரு மரபணுவின் குட்டை வடிவம் இருப்பவர்களைத்தான் வாழ்க்கை அடிகள் மனச்சோர்வில் தள்ளுகின்றன என்று நியூசிலாந்து ஆய்வு ஒன்று 2003-இல் சொன்னது. நானும் அதை வாய் பிளந்து படித்தவன்தான். 2019-இல் லட்சக்கணக்கானவர்களின் தகவலை வைத்துச் சரிபார்த்தபோது அந்த மரபணுவின் தனிச்சிறப்பு கரைந்துபோனது. அடிபட்ட பால்யம் பின்னாளில் மனச்சோர்வைக் கூட்டுகிறது என்பது மட்டும் அசையாமல் நின்றது.

செங்கல்பட்டுக்குள் நுழையும்போது திருமணி ஞாபகம் வரும். மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் 1955 முதல் இருக்கிற இடம். தொழுநோயையும் வம்ச வியாதி என்றுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வேயின் பெரிய டாக்டர் டேனியல்சன் அடித்துச் சொன்னார். இல்லை, கிருமி என்று 1873-இல் கண்டுபிடித்த ஹான்சன் அவருடைய மாப்பிள்ளை. வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ! வேடிக்கை என்னவென்றால், கிருமி தொற்றினாலும் யாருக்கு நோயாக முற்றும் என்பதில் மரபணுவுக்கும் கை உண்டு என்று பிறகு தெரிந்தது. மாமனாரும் முழுக்கத் தோற்கவில்லை.

மனச்சிதைவு ஆய்வு உலகிலும் செங்கல்பட்டு பழகிய பெயர்தான். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, லண்டன் கிங்ஸ் கல்லூரியோடு சேர்ந்து இன்ட்ரெபிட் என்ற ஆய்வை இங்கே தொடங்கியது. உடன் நைஜீரியாவின் இபாதானும் கரீபியனில் டிரினிடாடும். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணவில்லை. ஊரில் விவரம் தெரிந்தவர்கள், மந்திரிப்பவர்கள் என்று எல்லோரிடமும் விசாரித்து, சிகிச்சையே பார்க்காதவர்களைத் தேடினார்கள். நம் ஊரில் பலர் டாக்டருக்கு முன்னால் வேப்பிலையைத்தானே பார்க்கிறார்கள். 2022-இல் வந்த முடிவு: ஆண்டுக்கு லட்சம் பேரில் புதிதாக மனப்பிறழ்வு கண்டவர்கள் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் சுமார் 21, இபாதானில் 14, வடக்கு டிரினிடாட்டில் 59. நோய் எங்கும் ஒரே அளவில் தூவப்பட்டிருக்கிறது என்ற பழைய நம்பிக்கைக்கு இது சரியான அடி. மூன்று, நான்கு மடங்கு வித்தியாசத்தை எது உண்டாக்குகிறது என்ற விசாரணை தொடர்கிறது.

பிறப்பும் வளர்ப்பும் முடிந்த கதை. நோய் வந்த பிறகு என்ன செய்வது? அதற்கும் இந்த மாவட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. இங்கும் கோவாவிலும் சதாராவிலும் 282 நோயாளிகளை வைத்து நடந்து, 2014-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு அது. டாக்டர் கவனிப்போடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீடு தேடிப் போனார்கள். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, குளிக்கிறாரா, கடைக்கு அனுப்பிப் பார்த்தீர்களா, வீட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று உட்கார்ந்து பேசினார்கள். டாக்டரை மட்டும் பார்த்தவர்களைவிட இவர்கள் ஓரளவு நன்றாகத் தேறினார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தப் பலன் கூடுதலாகவே தெரிந்தது. பெரிய அதிசயம் இல்லை. ஆனால் இருபது வருடம் திண்ணையில் கிடந்தவர் கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருவது அந்த வீட்டுக்கு அதிசயம்தான்.

மாமல்லபுரம் கரையில் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஐந்து வயதாக இருந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயது. அலைச் சத்தத்துக்குப் பயந்து தூங்காத இரவுகள் அவர்களில் பலருக்கு இருந்தன. பேரழிவைக் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் காலப்போக்கில் மீண்டுவிடுகிறார்கள். பெற்றவர்களை இழந்தவர்களுக்கு அது அதிக நாள் பிடிக்கிறது. வரன் பார்க்கிற யாரும் அவர்களிடம் "சுனாமியப்போ உன் பக்கத்துல யார் இருந்தா?" என்று கேட்பதில்லை. பெரியப்பாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

சித்தி காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். முதலை முட்டையில் தொடங்கினேன். "முதலையெல்லாம் வேணாம், கணக்கைச் சொல்லு" என்றார். சொன்னேன். நூற்றுக்கு ஒருவர் என்றால் நம் சொந்தத்தில் பெரியவர், சின்னவர் சேர்த்து எத்தனை பேர் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தவர் எழுபதைத் தாண்டும்போது நிறுத்தினார். எழுந்து போய், மகள் உள்ளறையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நம்ம தாத்தாவோட தம்பி காசிக்குப் போய்ட்டார்னுதான் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்" என்றார் மெதுவாக. "நீயும் அப்படியே சொல்லு."