ஊர் நிலத்துக்குப் பவர் எழுதும் முன்

ரந்தாவ், லாபு, லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் சிலவற்றுக்குத் தமிழ்நாட்டில் இன்னும் துண்டு நிலமோ பங்கு வீடோ இருக்கிறது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும். பேரப்பிள்ளைகள் அந்த ஊரைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து சித்தப்பா முறையுள்ள ஒருவர் வாட்ஸ்அப்பில், உங்கள் சார்பில் செயல்படத் தனக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம் ஒன்றை அனுப்பி, "கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, இப்ப எல்லாமே ஆன்லைன்தான்" என்பார்.

எல்லாமே ஆன்லைன் இல்லை. ஆவணங்களை மின்வழியில் சான்றளிக்கும் முறை உலகில் பரவி வருவது உண்மைதான். வெளிநாட்டில் காட்டும் ஆவணத்துக்கான சான்று முத்திரையே அப்போஸ்டில்; ஹேக் மாநாட்டு அமைப்பு 2006இல் மின் அப்போஸ்டில் திட்டத்தைத் தொடங்கியது. சான்றளித்த நாட்டின் இணையப் பதிவேட்டிலேயே முத்திரை உண்மையா என்று பார்த்துவிடலாம். படிப்புச் சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் இது பெரிய உதவி. பவர் பத்திரத்தின் கதை வேறு. மலேசியாவின் 2006 மின்வணிகச் சட்டம் பவர் பத்திரத்தையும் உயிலையும் தன் அட்டவணையில் பெயர் சொல்லியே விலக்குகிறது. இந்தியாவின் 2000 தகவல் தொழில்நுட்பச் சட்டமும் விலக்கியது. 2022 திருத்தம் தளர்த்தியது ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் கண்காணிப்பில் உள்ள நிறுவனங்களுக்குத் தரும் பவரை மட்டுமே. சித்தப்பாவுக்குத் தரும் பவர் தாளில், மையில்தான் இருக்க வேண்டும்.

யார் முன்னால் கையெழுத்திடுவது? நிலப் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோகும் பவரை, இந்தியாவுக்கு வெளியே வாழ்பவர் நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரக அதிகாரி போன்றவர் முன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது 1908 பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. சிரம்பான் கடைவீதியில் முத்திரை குத்தித் தரும் சத்தியப்பிரமாண ஆணையர் நோட்டரி அல்ல. நோட்டரி 1959 சட்டப்படி நியமிக்கப்பட்டவர். தூதரகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகாவிட்டால், இந்தத் தாளுக்கு அவர்தான் வேண்டும். அதற்கு மேல் எந்த முத்திரை தேவை என்பதை, நிலம் இருக்கும் ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வையும் கட்டியாக வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தூதரக முத்திரையோ மின் அப்போஸ்டிலோ, கையெழுத்தும் பதவியும் உண்மை என்று மட்டுமே சொல்கின்றன. தாளில் எழுதியிருப்பது நியாயமா, உங்களுக்குப் புரிந்ததா என்பதற்கு அவை பொறுப்பல்ல. படிக்கத் தெரியாத பாட்டிக்கு ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சர்வே எண் இல்லாத, 'எனது சொத்துகள் அனைத்தும்' என்று தொடங்கும் பொதுப் பவரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விற்கவா, பட்டா மாற்றவா, வாடகை வாங்கவா என்று தனித்தனியாக எழுதலாம்; விற்ற பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்றும் எழுதலாம். ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் எழுத்து மாறியிருந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்துத் தயாராக்குங்கள்.

கொடுத்த பவரைப் பொதுவாக ரத்து செய்யலாம். அதையும் அதே முறையில் எழுதி, பவர் பெற்ற முகவருக்கும் சார்பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை எழுதிக் கொடுத்திருந்தால் ரத்து எளிதல்ல. அவரிடம் பணம் வாங்கி அப்படி எழுதிக் கொடுக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் பவர் பொதுவாக அத்துடன் முடிகிறது. இறப்புச் சான்றை உடனே ஊருக்கு அனுப்புங்கள்.

மின்வழி நமக்கு உண்மையில் துணை நிற்பது கண்காணிப்பில்தான். தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் சிரம்பானில் இருந்தபடியே வில்லங்கம் பார்க்கலாம். தெரியாத விற்பனைப் பதிவு கண்ணில் பட்டால், அந்தப் பத்திர எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்டப் பதிவாளருக்கும் காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள்.