அம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வருமா?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற வரும் தாய்மார்களுக்குத் துணையாகப் பெரும்பாலும் மகளோ மருமகளோ வருகிறார். மயிலாப்பூரிலிருந்தும் தி. நகரிலிருந்தும் காலை நெரிசலில் ஆட்டோ பிடித்து வந்து காத்திருக்கும் மகள்கள், அம்மா உடை மாற்றச் சென்றிருக்கும் சில நிமிடங்களில் எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு: “டாக்டர், இது எனக்கும் வருமா?” ‘கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லிவிட்டு நாங்கள் நகர்ந்துவிட்ட நாட்களும் உண்டு. அது போதிய பதிலன்று. சரியான பதில் ஒரு புரதத்தின் கதையில் இருக்கிறது.

கட்டிகள் தோன்றாமல் அடக்கிவைக்கும் புரதங்கள் நம் உயிரணுக்களில் பல உள்ளன. அவற்றுள் மிகவும் பெயர்பெற்றது பி53. 1979-இல் இது கண்டறியப்பட்டபோது புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்றே அறிவியலாளர் எண்ணினர். காவலனையே கள்வன் என்று நினைத்த பிழை திருந்தப் பத்தாண்டுகள் ஆயின. உயிரணுவின் டி.என்.ஏ. பழுதுபட்டால், பி53 அதன் பிரிதலை நிறுத்திப் பழுதுபார்க்க அவகாசம் தருகிறது. பழுது தீராவிடில், அந்த உயிரணு தானே மடிந்துபோகச் செய்கிறது.

இத்தகைய காவலன் எப்போதும் நிறைந்திருப்பது நல்லதுதானே என்று தோன்றும். அப்படியன்று. பி53 ஓயாமல் வேலை செய்தால் தோலும் குடலின் உட்படலமும் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். ஆகவே நலமான உயிரணு பி53-ஐ உண்டாக்கிக்கொண்டே அதை அழித்துக்கொண்டும் இருக்கிறது. எம்டிஎம்2 என்னும் மற்றொரு புரதம், யூபிக்விடின் என்னும் சிறு அடையாளத்தை அதன்மீது ஒட்டுகிறது. அடையாளம் பெற்ற புரதத்தை உயிரணுவின் சிதைக்கும் கூடம் துண்டாக்கிவிடுகிறது. பி53-இன் பாதி ஏறக்குறைய இருபது நிமிடங்களில் மறைந்துவிடும். டி.என்.ஏ. பழுதுபடும் வேளையில் மட்டும் எம்டிஎம்2-இன் பிடி தளர, பி53-இன் அளவு உயர்கிறது. வேலை முடியும்போது பி53 தானே எம்டிஎம்2-ஐப் பெருக்கித் தன்னை அடங்கச் செய்துகொள்கிறது. எம்டிஎம்2 இல்லாத எலிக்குருக்கள் பிறக்கும் முன்பே இறந்துவிடுகின்றன என்பதிலிருந்து இந்தக் கட்டுப்பாட்டின் தேவை விளங்கும்.

புற்றுநோய் இந்த ஒழுங்கைப் பல வழிகளில் குலைக்கிறது. ஏறத்தாழப் பாதிப் புற்றுநோய்களில் பி53-இன் மரபணுவே சிதைந்திருக்கும். சிலவற்றில் எம்டிஎம்2 அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோயிலோ பெரும்பாலும் அந்த மரபணு பழுதின்றி இருக்கிறது, புரதமும் உண்டாகிறது. ஆனால் மனிதப் பாப்பிலோமா வைரஸ், அதாவது எச்.பி.வி., இ6 என்னும் தன் புரதத்தை அனுப்பி, உயிரணுவிலேயே உள்ள அடையாளம் ஒட்டும் வேறொரு புரதத்தைத் துணைக்கு அழைத்து, பி53 தோன்றத் தோன்ற அழிக்கச் செய்கிறது. வைரஸின் இ7 புரதம், ஆர்பி என்னும் இன்னொரு காவல் புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது.

மகளுக்கான பதில் இதுதான். அம்மாவின் காவலன் பிறவியிலேயே பழுதானவன் அல்லன். வெளியிலிருந்து வந்த வைரஸால் அகற்றப்பட்டவன். அந்தப் பழுது கருவழியாக உங்களுக்கு வருவதில்லை. மார்பக, சினைப்பைப் புற்றுநோய்கள் சில குடும்பங்களில் பிஆர்சிஏ மரபணுக்கள் வழியே தொடர்வதுண்டு. அங்கே எங்கள் பதில் வேறு, மரபணு ஆலோசனையும் தேவைப்படலாம்.

வைரஸ் என்றதும் அடுத்த மௌனம் தொடங்குகிறது. அது உடலுறவின் வழியே பரவுவது என்று கேட்டதும் கணவரை ஐயுறும் மனைவியரையும், அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தயங்கும் பிள்ளைகளையும் கண்டிருக்கிறோம். பாலுறவு வாழ்வு உடைய பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் இவ்வைரஸ் தொற்றுகிறது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் உடல் அதை விரட்டிவிடுகிறது. விரட்டப்படாமல் பல ஆண்டுகள் தங்கிவிடும் சிலருக்கே புற்றுநோய் உண்டாகிறது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. எனவே யாரையும் குற்றவாளியாக்க இதில் இடமில்லை.

தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியபோதும், மறு ஆண்டு டாக்டர் சாந்தா அங்கே பணியில் சேர்ந்தபோதும் இந்நோயின் காரணம் எவருக்கும் தெரியாது. 1983-இல்தான் ஹரால்ட் ட்சூர் ஹவுசன் குழுவினர் கருப்பைவாய்க் கட்டிகளில் எச்.பி.வி. 16-ஆம் வகையைக் கண்டனர். அவருக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. சென்னைப் பெண்களிடையே ஒருகாலத்தில் முதலிடத்தில் இருந்த இப்புற்றுநோயை இன்று மார்பகப் புற்றுநோய் முந்திவிட்டது. ஆயினும் எங்கள் காத்திருப்புக் கூடம் காலியாகவில்லை.

‘பி53-ஐப் பெருக்கும்’ என்று விற்கப்படும் பொடிகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். இந்நோயைக் குணமாக்கும் என மெய்ப்பிக்கப்பட்ட பொடி எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் அம்மாவுக்கு முட்டையும் பருப்பும் வாங்கிக் கொடுங்கள்.

இ6 புரதத்தைத் தடுக்கும் மருந்து இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. வைரஸ் நுழையாமல் தடுக்கும் தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவிலேயே உருவான செர்வாவேக்கிற்கு 2022-இல் ஒப்புதல் கிடைத்தது. வைரஸ் தொற்றும் முன், 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. ஏற்கெனவே உள்ள நோயை அது ஆற்றாது; ஆகவே அம்மாவுக்கு அது பயன்படாது. முப்பது வயதைக் கடந்த மகள்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனையே முதற்கடமை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் அந்த வயதில் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தப் பரிசோதனையை அம்மாவின் அடுத்த வருகை நாளிலேயே செய்துகொள்ளலாம். வரும்போது, வீட்டில் பள்ளி செல்லும் பெண் குழந்தை இருந்தால் அவளுடைய வயதையும் எங்களிடம் சொல்லுங்கள்.