பகுதி நேர வேலை பார்த்த ஆண்டுகள் ஓய்வுக்காலத்தில் எங்கே இடிக்கும்?

பினாங்கு பத்து ஃபிரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டல். அங்கே அறை துப்புரவுப் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருவர் தொழிற்சங்க உறுப்பினர். வீட்டில் மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அரை நாள் வேலைக்கு மாறலாம் என்று அவர் நினைப்பதாக வைத்துக்கொள்வோம். சம்பளம் பாதியாகும் என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்பது வேறு: "இந்த வருஷங்கள் என் ஓய்வுக்காலப் பணத்தில் கணக்கில் வருமா, வராதா?"

இந்தக் கேள்வி பல நாடுகளில் கேட்கப்படுவதுதான். அமெரிக்காவில் தொழிற்சங்க ஓய்வூதியத் திட்டங்களுக்கான சட்டத்தில், 12 மாதத்தில் 1,000 மணி நேரம் வேலை செய்தால்தான் பொதுவாக ஒரு சேவை ஆண்டு கிடைக்கும். நம் நாட்டில் அரசாங்க ஊழியர்களுக்கான 1980 ஓய்வூதியச் சட்டமும் சேவை மாதங்களை எண்ணி, கடைசிச் சம்பளத்தோடு பெருக்குகிறது. ஆனால் தனியார் துறைத் தொழிலாளிக்கு இருப்பது ஊழியர் சேமநிதி. 1951ல் தொடங்கிய அந்த நிதி ஆண்டுகளை எண்ணுவதில்லை, ரிங்கிட்டைத்தான் எண்ணுகிறது. ஆகவே பகுதி நேர ஆண்டு எதுவும் அடித்து நீக்கப்படாது. மெலிந்து போகும், அவ்வளவுதான். எவ்வளவு மெலியும் என்பதைத்தான் பலர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

அடிப்படைச் சம்பளம் 2,400 ரிங்கிட் என்றால் தொழிலாளியின் 11 விழுக்காடு, முதலாளியின் 13 விழுக்காடு, இரண்டும் சேர்ந்து மாதம் 576 ரிங்கிட் போகிறது. சம்பளம் பாதியானால் 288. ஆண்டுக்கு 3,456 ரிங்கிட் குறைகிறது. இப்படி ஐந்து ஆண்டு என்றால் 17,280. "பரவாயில்லை, சமாளித்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் உள்ளே இருந்திருந்தால் லாப ஈவு சேர்ந்திருக்கும், அந்த ஈவுக்கும் ஈவு சேர்ந்திருக்கும். வாரியம் 2023க்கு 5.50 விழுக்காடும் 2024க்கு 6.30 விழுக்காடும் கொடுத்தது. சராசரியாக 5 விழுக்காடு என்றே வைத்தாலும், 30 வயதிலிருந்து 35 வயது வரை அரை நாள் வேலை செய்தவருக்கு 60 வயதில் ஏறக்குறைய 64,000 ரிங்கிட் குறைந்திருக்கும். அதே ஐந்து ஆண்டு 50க்கும் 55க்கும் இடையில் வந்தால் இழப்பு சுமார் 24,000. பிள்ளை பெற்று வளர்க்கும் இளம் வயதில் நேரத்தைக் குறைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஹோட்டல் தொழிலாளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கைக்கு வரும் பணத்தில் சேவைக் கட்டணத்தின் பங்கும் சேர்ந்திருக்கும். சேமநிதிச் சட்டம் அதைச் சம்பளமாக எடுத்துக்கொள்வதில்லை. மிகை நேர ஊதியத்தையும் அப்படித்தான். முன்பு பல ஹோட்டல்களில் அடிப்படைச் சம்பளம் சொற்பம், மீதியெல்லாம் சேவைக் கட்டணம் என்ற நிலை இருந்தது. குறைந்தபட்சச் சம்பளம் வந்த பிறகு, சேவைக் கட்டணத்தைக் கொண்டே அதை நிரப்பப் பார்த்தார்கள். ஹோட்டல், மதுக்கூடம், உணவகத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் நீதிமன்றம் சென்றது. அப்படி நிரப்பக் கூடாது என்று 2021ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பள வழக்காகத்தான் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அடிப்படைச் சம்பளம் உயர்ந்தால் சேமநிதிச் சந்தாவும் உயரும் என்பதால் அது ஓய்வுக்கால வழக்கும்தான்.

அடுத்தது 70 விழுக்காட்டுக் கோடு. ஒரே நிறுவனத்தில் அதே வேலையை முழு நேரம் செய்பவரின் வழக்கமான நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்கு மேற்படாமல் ஒப்புக்கொண்டு வேலை செய்பவரே சட்டப்படி பகுதி நேர ஊழியர். வாரம் 45 மணி நேரம் முழு வேலை என்றால் கோடு 31.5 மணி நேரத்தில் விழுகிறது. 32 மணி நேரம் என்றால் அவர் பகுதி நேர ஊழியர் அல்ல. 31 என்றால் பகுதி நேரம். இந்த ஒரு மணி நேரத்தில் என்ன இருக்கிறது? 2013 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம், 60 வயதுக்கு முன் ஓய்வு கொடுக்கக் கூடாது என்கிறது. 70 விழுக்காட்டுக்கு மேற்படாத நேரம் வேலை செய்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வேலை ஒப்பந்தத்தில் 55 என்று எழுதியிருந்தால், சட்டத்தைக் காட்டி 60 கேட்க முடியாது. ஐந்து ஆண்டுச் சந்தா அங்கேயே போய்விடும். 54 வயதில் முட்டி வலிக்கிறது என்று நேரத்தைக் குறைத்துக்கொள்பவர்களில் எத்தனை பேர் இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள்?

சொக்சோவின் கணக்கு வேறு மாதிரி. நோயால் வேலை செய்ய முடியாமல் போனவருக்கு அது இயலாமை ஓய்வூதியம் தருகிறது. அங்கே எண்ணப்படுவது சந்தா கட்டிய மாதங்கள். அரை நாள் வேலை செய்த மாதமும் ஒரு மாதம்தான். விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழு ஓய்வூதியத்துக்குத் தகுதி கிடைக்கும். ஆகவே வேலையை அடியோடு விடுவதைவிடச் சில மணி நேரமாவது தொடர்வது மேல். ஆனால் தொகை, முந்திய 24 மாதங்களின் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு. நோய் தொடங்கியதும் நேரத்தைக் குறைத்து, இரண்டு ஆண்டு இழுத்துப் பிடித்துவிட்டு விண்ணப்பித்தால், குறைந்த சம்பளத்தின் மீதே ஓய்வூதியம் கணக்கிடப்படும். மருத்துவர் ஆறுமாதம் ஓய்வு எடுக்கச் சொல்லும்போதே சங்கத்தில் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. சேவைக் கட்டணமும் மிகை நேர ஊதியமும் சொக்சோவில் சம்பளமாகவே சேரும்.

"பகுதி நேரம்தானே, சேமநிதி வேண்டாம், கையில் வாங்கிக்கொள்" என்று சொல்லும் முதலாளிகள் உண்டு. அது சட்டப்படி செல்லாது. பகுதி நேர ஊழியருக்கும் சேமநிதி, சொக்சோ இரண்டும் கட்டாயம். ஒரு மாதச் சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். சேமநிதிக் கணக்கைக் கைப்பேசியிலேயே திறந்து பார்க்கலாம். விரும்பினால் 11 விழுக்காட்டுக்கு மேலும் தொழிலாளி தன் பங்கைக் கூட்டிக்கொள்ள முடியும்.

2023 ஜனவரி 1 முதல் வேலை நேரத்தை மாற்றக் கோரி எழுத்து மூலம் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. முதலாளி 60 நாளில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்தில் மூன்று விவரங்கள் தெளிவாக இருக்கட்டும்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதி வரை, அதன் பிறகு பழைய நேரத்துக்கும் பழைய சம்பளத்துக்கும் திரும்பும் உரிமை உண்டா. பத்து ஃபிரிங்கிப் பெண் 31 மணி நேரத்துக்குப் பதில் 32 என்று எழுதிக் கேட்டால், மாமியாரையும் பார்த்துக்கொள்ளலாம், 60 வயதும் கையில் இருக்கும்.